திரும்பி வராத கப்பல்கள்

மன்னாரில் நெடுங்காலம் பௌதிகவியல் கற்பித்தவன் நான். சதுரங்கத்தில் என்னை வென்றவர் குறைவு. மடுத் தேவாலயத் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மகள், மூன்று பலகை விளையாட்டுகள் கொண்டுவந்தாள். மூன்றும் விண்வெளிக் கதைகள். மூன்றிலும் வறண்ட பூமியை விட்டுக் கப்பலேறி, வேறு கோளில் குடியேறுபவரே வெல்வார்.

“அப்பா, வெளிக்கிடுங்கோ. பூமியில இருந்தால் தோத்துப்போவியள்.”

“நீ போ பிள்ளை. நான் இருக்கிறன்.”

“எங்கட மன்னார்க் கழுதையும் இதைவிடக் கெதியா அசையும்!” என்று சிரித்தாள்.

அவள் கனடாவுக்குத் திரும்பிய பின்னும், கடைசியாக விளையாடிய பலகையை மேசையிலிருந்து நான் எடுக்கவில்லை. அவளுடைய கப்பல்கள் செவ்வாயிலும் என்னுடையவை பூமியிலும் நிற்கின்றன.

விதிகள் விளங்காமல் நான் தோற்றதாக மருமகன் உறவினரிடம் சொல்லியிருக்கிறார். அது தவறு. விதிகளை முழுமையாக வாசித்தேன். போன கப்பல் திரும்பி வர அவற்றில் இடமில்லை. ஆகவே என் கப்பல்களை நான் அனுப்பவில்லை.