டிசம்பர் இருபத்து நாலில் பிறக்காதவள்

தங்கலட்சுமிக்கு நாற்பது வயது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளுக்கில்லை, அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழுக்கு. அவளுக்கு உள்ளபடி முப்பத்தெட்டுதான். இதை அவளையும் அவள் அம்மா பெத்தம்மாளையும் தவிர உலகத்தில் ஒருத்தரும் நம்பத் தயாராயில்லை.

பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டின் மேலேயே, அவள் புருஷன் காளீஸ்வரன் டீக்கடை வைத்திருக்கிறார். கடைதான் அவருடையது. காலையில் நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைப்பது, பருப்பு ஆட்டுவது, வடை போடுவது, சட்னி அரைப்பது எல்லாம் தங்கலட்சுமி. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. வடையை வாயில் போட்டுக்கொண்டு லாரிக்காரர்கள் "காளீஸ்வரன் கடை வடைன்னா வடைதான்" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்குச் சமையலாள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் துள்ளிக் குதித்தாள். தன் பேரில் ஒரு வேலை. தன் கைச் சமையலைத் தன் சமையல் என்று சொல்லும்படியாக ஓர் இடம். தகுதியெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. வயது நாற்பது முடிந்திருக்கக் கூடாது. சான்றிதழில் அவள் பிறந்தது 1986 ஜூன் ஒன்றாந்தேதி.

அந்த ஜூன் ஒன்று யார் செய்த வேலை என்று ஊருக்கே தெரியும். அந்தக் காலத்து வாத்தியார் பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் அஞ்சு வயது. அஞ்சு வயது என்றால் பிறந்தது ஜூன் ஒன்று. அந்த வருஷம் சேர்ந்த இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே நாளில் பிறந்தவர்கள்தான், அத்தனை பேருக்கும் ஒரே பிரசவம் மாதிரி. பெத்தம்மாளுக்குப் பருத்தி எடுக்கப் போக வேண்டியிருந்தது. மூன்றரை வயதுப் பிள்ளையை எங்கே விடுவது? மூத்தவர்களோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். தங்கலட்சுமிக்குக் கை கொஞ்சம் நீளம், காது எட்டிவிட்டது. அவ்வளவுதான், ஒரு நொடியில் ஒன்றரை வயது கூடிப்போனது. அந்த ஒன்றரை வயது இப்போது வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது.

பிறப்புச் சான்றிதழ் இருந்தால் போதும் என்றார்கள். அது எங்கே இருக்கிறது? அவள் பிறந்தது அம்மாவின் பிறந்த ஊரில், எம்.ரெட்டியபட்டிப் பக்கம். பழைய பதிவேடெல்லாம் திருச்சுழி தாலுகா ஆபீசில் இருக்கிறது. தேதி சொன்னால் எடுத்துத் தருவார்களாம். தேதி என்ன என்று பெத்தம்மாளிடம் கேட்டாள். இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி பெத்தம்மாள் பதில் சொன்னாள். எம்.ஜி.ஆர். செத்த அன்றைக்குத்தான் பிறந்தாளாம். சின்ன வயதிலிருந்து அவளும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தாள். அவளுடைய அய்யா, லாரி டிரைவர் பொன்னுச்சாமி, உயிரோடு இருந்தவரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லி மார்தட்டுவார். தலைவர் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் என்று.

அது எந்தத் தேதி என்று காளீஸ்வரனிடம் கேட்டதுதான் அவள் செய்த தப்பு.

காளீஸ்வரனுக்கு ஒரு பித்து உண்டு. கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, தினமும் விடிந்ததும் 'வரலாற்றில் இன்று' என்று எழுதுவார். நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது பின்பக்கம் பார்த்து, பேப்பரில் பார்த்து, போனில் பார்த்து, மூன்று நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறார். பால் பொங்கி வழிந்தாலும் சரி, பெத்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும் சரி, அன்றைக்கு எந்த ராஜாவுக்கு முடி சூட்டினார்கள் என்பதை எழுதிவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார். ஒரு தேதியை அவரிடம் கேட்டால் அது தனியாக வராது, சொந்த பந்தத்தோடு கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வரும்.

டிசம்பர் இருபத்து நாலு, 1987 என்றார். அத்தோடு விட்டாரா? அதே டிசம்பர் இருபத்து நாலில்தான் எழுபத்து மூணில் பெரியாரும் போனார் என்றார். கொச்சியில் வாஸ்கோ ட காமா செத்ததும் அதே நாள் என்றார். அறுபத்தெட்டில் மூன்று பேர் ராக்கெட்டில் போய் நிலாவைச் சுற்றினார்களாம். லிபியாவுக்குச் சுதந்திரம் கிடைத்ததாம். தொண்ணூற்றொன்பதில் காத்மாண்டுவிலிருந்து வந்த விமானத்தைக் கடத்தினார்களாம். வடை கருகிக்கொண்டிருந்தது.

"பெரிய நாளுலதான் பெறந்திருக்க" என்றார் காளீஸ்வரன், தன்னால்தான் அப்படிப் பிறந்தாள் என்கிற மாதிரி.

"வாஸ்கோ ட காமா வந்து எனக்கு வேலை போட்டுத் தருவாரா? வடைய எடுங்க" என்றாள் தங்கலட்சுமி.

மறுநாள் கடையை அவர் தலையில் கட்டிவிட்டு, அருப்புக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்சுழிக்கு ஒரு பஸ் பிடித்துப் போனாள். பதிவேடு பார்க்கிற சங்கரலிங்கம் நல்ல மனுஷன்தான். எரிந்து விழவில்லை. தேதியைக் கேட்டுக்கொண்டு, மட்கிப்போன நோட்டை மெதுவாகப் புரட்டினார். டிசம்பர் இருபத்து நாலில் அந்த ஊரில் யாரும் பிறக்கவில்லை. பிள்ளை பிறந்து பத்து நாள், இருபது நாள் கழித்தும் எழுதியிருப்பார்கள் என்று ஜனவரி முடிய முன்னோக்கித் தள்ளிப் பார்த்தார். ஒரு ஆண் பிள்ளை, அதுவும் வேறு ஆட்களுடையது. அம்மாவிடம் நன்றாகக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். விண்ணப்பம் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

திரும்பி வந்தவளிடம் காளீஸ்வரன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒருவேளை அத்தைக்குத் தலைவர் மாறிப்போயிருக்கும் என்றார். இந்திரா காந்தியைச் சுட்டது அக்டோபர் முப்பத்தொன்று, எண்பத்து நாலு. அன்றைக்கும் ரேடியோவில் சோகமாகத்தான் வாசித்தார்கள். அப்படியானால் தனக்கு நாற்பத்தொன்று என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. சரி, ராஜீவ் காந்தியாக இருக்கலாமே, தொண்ணூற்றொன்று மே இருபத்தொன்று என்றார்.

"அந்த வருசம் ஜூன்லதான் நான் ஒண்ணாப்பு சேந்தேன். பெறந்து பத்து நாள்லயா பள்ளிக்கூடம் போனேன்? அதுலயும் காதத் தொட்டுக்கிட்டு?"

காளீஸ்வரன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று ஒத்துக்கொண்டார். எதைச் சொல்லி இந்த மனுஷனை என்ன செய்வது? தங்கலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு, பின்கட்டில் இருந்த அம்மாவிடம் போனாள்.

பெத்தம்மாளோ பிடித்த பிடியை விடவில்லை. அன்றைக்குத்தான் பிறந்தாய் என்றாள். நோட்டில் இல்லை என்றால், நோட்டில் தப்பு என்றாள். நன்றாக யோசித்துச் சொல் என்றால், பெத்தவளுக்குத் தெரியாததா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சியாயிற்று, கத்தியாயிற்று. ரெண்டு நாள் இப்படியே போனது. கல்லில் நார் உரிக்கலாம் போலிருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் தங்கலட்சுமி விண்ணப்பத்தாளைக் கொண்டுபோய்ப் போட்டாள். இவ்வளவு வருஷத்தில் தனக்கென்று ஒன்றையும் கேட்டதில்லை, நாளைக்குத் தேதி தெரியவில்லை என்றால் இந்தத் தாளை அடுப்பில்தான் வைக்க வேண்டும் என்றாள். 

பெத்தம்மாள் கடைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். மருமகன் காதில் விழாது என்று தெரிந்ததும் சொன்னாள்.

"மார்கழியில்ல. கார்த்திகை. பெரிய கார்த்திகைக்கு வெளக்கு ஏத்தி நாலஞ்சு நாளுல. புதன்கெழம. பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு மருத்துவச்சி சொன்னா."

தங்கலட்சுமிக்கு ஒன்றும் ஓடவில்லை. தலைவர் செத்தது மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள். அப்படியானால் இத்தனை வருஷமும் சொன்னது?

பெத்தம்மாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். மூன்றாவதும் பெண் என்று பொன்னுச்சாமிக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். லோடு இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு லாரியில் ஏறிவிட்டார். ஒரு வாரம் ஆயிற்று, ரெண்டு வாரம் ஆயிற்று, பிள்ளை முகம் பார்க்க வரவில்லை. பிறகு தலைவர் செத்துப்போனார். பஸ்ஸில்லை, கடையில்லை, ஊரே துக்கம் கொண்டாடிக் கிடந்தது. அதெல்லாம் அடங்கின பிறகு ஒரு நாள் மொட்டைத் தலையோடு மனுஷன் வந்து நின்றார். பிறந்த பிள்ளையைப் பார்க்க ஏன் போகவில்லை என்று அவர் ஊரில் கேட்டவர்களிடம், தலைவர் போன அன்றைக்குத்தான் பிள்ளை பிறந்தது, நான் மெட்ராஸில் அழுதுகொண்டிருந்தேன் என்று சொல்லி வைத்திருந்தார். பிரசவம் நடந்தது வேறு ஊரில். யார் வந்து நாள் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்? பெத்தம்மாளும் ஆமாம் போட்டுவிட்டாள். சொல்லிச் சொல்லி அது நிஜமாகிவிட்டது. அவர் செத்த பிறகு போய் அவரைப் பொய்யராக்குவானேன் என்று இருந்துவிட்டாளாம்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் தங்கலட்சுமி திருச்சுழியில் இருந்தாள். சங்கரலிங்கம் இந்தத் தடவை பின்னோக்கிப் புரட்டினார். டிசம்பர் இருபத்திரண்டாந்தேதி பதிந்த பக்கத்தில் விரலை வைத்தார். பிறந்தது 9.12.1987, பெண், பெயர் தங்கலட்சுமி, தகப்பனார் பொன்னுச்சாமி. நகலுக்கு எழுத ஆரம்பித்தவர் நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சொன்னது யாருன்னு பாருங்கம்மா. இந்தப் பக்கம் பூராவும் அப்பாமாருதான். இது ஒண்ணுதான் இப்பிடி இருக்கு."

தகவல் கொடுத்தவர்: பெத்தம்மாள், தாய். பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை. மை அதிகமாகி லேசாக இழுத்திருந்தது. தங்கலட்சுமி அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கரலிங்கம் ரெண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் நகலை வாங்கினாள்.

அருப்புக்கோட்டையில் விண்ணப்பம் வாங்குகிற ஆபீசுக்குப் போனபோது மணி மூன்று. அங்கிருந்த ஆபீசர் அம்மா பள்ளிக்கூடச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார். இது ஒரு நாள் சொல்கிறது, அது ஒரு நாள் சொல்கிறது, எது நிஜம் என்று கேட்டார். தங்கலட்சுமி காதைத் தொட்டுக் காட்டினாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்கும் ஜூன் ஒன்றுதான் என்றார். பிறந்தவுடனே எழுதின பதிவு இருக்கும்போது அதுதான் செல்லும் என்று சொல்லி, வயது முப்பத்தெட்டு என்று எழுதி, முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அவள் நகலைக் காட்டியதும் காளீஸ்வரன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். டிசம்பர் ஒன்பதும் லேசுப்பட்ட நாள் இல்லையாம். அரசியல் நிர்ணய சபை முதன்முதலில் கூடினது அன்றைக்குத்தானாம். பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று பெரிய டாக்டர்களெல்லாம் கையெழுத்துப் போட்டதும் அன்றைக்குத்தானாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் பிறந்த நாள் எது என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா என்று அவள் கேட்டாள். காளீஸ்வரன் நோட்டை மூடி வைத்துவிட்டு டீ ஆற்றப் போனார்.

பெத்தம்மாள் பின்கட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டார்களா என்று கேட்டாள். வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, தங்கலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரேகை வச்சது நீயாம்மா?"

"பின்ன யாரு வைப்பா? மூணாவதும் பொட்டப்புள்ளதான, மெல்ல எழுதிக்கிருவோம்னாக எங்க வீட்டுல. பதிமூணு நாளு பாத்தேன். அப்பறம் உன்னயத் தூக்கிக்கிட்டு நாலு மைலு நடந்து மணியக்காரரு வீட்டுக்குப் போனேன். பேரு என்னன்னாரு. உங்கய்யாவக் கேக்காம நானே சொன்னேன்."

"அப்பறம் எதுக்கும்மா இத்தன வருசம் அந்த நாளச் சொன்ன?"

"உங்கய்யா மானத்துக்கு ஊருல ஒரு நாளச் சொன்னேன். உனக்குள்ளத நோட்டுல முன்னாடியே எழுதி வச்சுட்டேன்ல."

இதை நாலு நாளைக்கு முன்னால் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று கத்தத்தான் தங்கலட்சுமி வாயைத் திறந்தாள். கத்துவதற்குப் பதிலாக, பூண்டு உரித்துக்கொண்டிருந்த அந்த இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள்.