சஹன் தட்டில் கட்டிய துறைமுகம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. ஆனால் கொழும்பு நகரத்தை ஒரே பகல் சாப்பாட்டில் கட்டி முடித்தவன் மாத்தளையில் என்னைத் தவிர வேறு எவனும் இல்லை.

ரோட்டில் எங்கு பார்த்தாலும் சோதனைச் சாவடி இருந்த காலம் அது. என் மூத்த மகளைப் பெண் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள், வழி நெடுக வேனிலிருந்து இறங்கி ஏறிக் களைத்து, அஸர் தொழுகைக்குக் கிட்டத்தான் வந்து சேர்ந்தார்கள். நல்ல குடும்பம், நல்ல பையன். மாப்பிள்ளையின் தாய்மாமன் சொல்வதுதான் அந்த வீட்டில் முடிவு. துறைமுகத்தில் காலமெல்லாம் சரக்கு இறக்கிய மனிதர். அவர் வாயால் "சரி" என்று வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க. தொறந்தா கலியாணம் நிண்டுரும்" என்று மனைவி காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள்.

ஆறு பேருக்கு ஒரு சஹன். பெரிய தட்டில் புரியாணி, நடுவில் கோழி. சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்தை அவரவர் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போடுவதைப் போல மரியாதைக் கேடு வேறில்லை. தாய்மாமன் எனக்கு நேர் எதிரே. என்னை ஒட்டி என் மச்சான்.

"மலைநாட்டு ஆக்களுக்கு ஹார்பர் எங்க தெரியும்?" என்று அவர்தான் ஆரம்பித்தார். தன் பக்கத்துச் சோற்றைக் குவித்தார். "இது ஆத்து வாய். எங்கட மூத்தவங்க பாய்க்கப்பல்ல வந்து இங்கதான் கடை போட்டாங்க." அதன்மேல் பாதி முட்டையை நட்டார். "பறங்கி வந்து கோட்டை கட்டினான்." ஓர் எலும்பைக் குறுக்கே படுக்க வைத்தார். "வெள்ளக்காரன் அலையத் தடுக்கக் கல்லணை போட்டான். கப்பல் கப்பலா வந்துச்சு. பெரிய டவுன் ஒண்டு உண்டாச்சு."

"எதை ஏத்த வந்துச்சு ஹாஜியார்?" என்றேன் நான்.

மச்சானின் முழங்கால் என் தொடையில் இடித்தது. நான் விடுவேனா! என் சோற்றைக் கிளறி ஏலக்காய், கராம்பு எல்லாவற்றையும் பொறுக்கி, அவர் கோட்டை வாசல் வரை வரிசையாக அடுக்கினேன். "இது எங்க ஊரு. எங்க மூத்தவங்க மாட்டு முதுகுல மூட்டை கட்டி மலையிலருந்து எறக்கினாங்க. இது இல்லாட்டி உங்க பறங்கி கோட்டைக்குள்ள இருந்து காத்தையா வித்திருப்பான்?"

"ஏலக்கா எங்கருந்தும் வரும்."

"அப்ப வரட்டும்! எங்க மாடு திரும்புது!"

ஏலக்காயை இழுத்த வேகத்தில் முட்டையும் எலும்பும் கூடவே வந்துவிட்டன. என் கை அவர் சோற்றில் மணிக்கட்டு வரை கிடந்தது.

யாரும் மெல்லவில்லை. தாய்மாமன் கோட்டை இருந்த குழியைப் பார்த்தார். விரல்களை உதறினார், எழும்பப் போகிறவர் மாதிரி.

திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "வாப்பா, ரெண்டு பேரும் சண்ட புடிச்சி டவுன் கட்டுறீங்களே, அதுல குடியிருக்க ஆள் வேணாமா?"

"யா அல்லாஹ்" என்று மனைவி முனகியது எல்லாருக்கும் கேட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் எந்தப் பெண் பேசுவாள்?

தாய்மாமனின் தோள் குலுங்கியது. பிறகு வயிறும் குலுங்கியது. சிரித்துச் சிரித்துச் சோறு புரைக்கேறி, மச்சான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"இந்தப் புள்ள வாப்பா மாதிரி இல்ல. இவவுக்கு விஷயம் தெரியுது" என்றார். நல்ல கோழித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். "சரி."

மகள் இப்போது கொழும்பில்தான். வீடு நிறையப் பிள்ளைகள். ஆக, அந்த நகரத்தைக் கட்டியது மட்டுமல்ல, குடியேற்றியதும் நானே. அவளுக்கு அந்த நாக்கு யாரிடமிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.