திரையில் ஒருவன், வளைவில் ஒருவன்

என்னைச் சந்தேகப்பிராணி என்று சொன்னவர்கள் பலர். என்ன காரணத்துக்காக அப்படிச் சொல்கிறார்கள் என்று அவர்களையும் சந்தேகித்திருக்கிறேன். பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கராக இருந்தேன். கொழுந்து வாடியது போதுமா, அரைத்த இலை புளித்தது போதுமா என்று நாள் முழுக்க மோந்து பார்ப்பதுதான் உத்தியோகம். அந்தப் பழக்கத்தை ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர எனக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. மனைவி திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள். மலையும் பனியும் அவளுக்குப் புதுசு. ஒருநாள் நடுப்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வீட்டில் இருந்தது அவள் ஒருத்தி. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். கேட்டால் அவள் பதில் சொல்லுவாள், அந்தப் பதிலை நான் நம்பித் தொலைக்க வேண்டும் என்பதால் கேட்கவில்லை.

மறுநாளே ஓர் ஆளை ஏற்பாடு செய்தேன். ஸ்டோர் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்து, இலகு வேலையில் இருந்த ஒருவர். எங்கள் வீட்டுக்கு மேலே பாதை வளைகிற இடத்தில் பிற்பகல் முழுவதும் நிற்க வேண்டும், வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் நின்றார். தினமும் மாலையில் ஸ்டோருக்கு வந்து, “யாரும் வரலீங்க ஐயா” என்பார். பத்து நாள் இதையே சொன்னார். அவரையும் அவள் கைக்குள் போட்டுக்கொண்டாளோ என்று எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி.

பதினோராம் நாள் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

“மேல வளைவுல ஒரு ஆளு நின்னு நம்ம வீட்டையே பாத்துக்கிட்டு இருக்குங்க. தெனமும் நிக்குது. எனக்குப் பயமா இருக்கு.”

பனி மூட்டத்தில் தேயிலைச் செடியே ஆள் மாதிரித்தான் தெரியும் என்றேன். செடி தலையைச் சொறியுமா என்று கேட்டாள். புது ஊர், தனிமை, மனசு இப்படித்தான் எதையாவது காட்டும் என்று அடித்துச் சொன்னேன். அன்றோடு அந்த மனிதரை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால், உங்களிடம் சொன்னதும் ஆளைக் காணவில்லையே என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மேலும் மூன்று வாரம் அவரை நிற்க வைத்தேன். அவளும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் விடாமல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பதுளைத் திடலில் பயாஸ்கோப் கூடாரம் போட்டார்கள். அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர், எனக்கு நல்ல சிநேகம். வீட்டில் வந்து தங்கிப் படம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஆள் அனுப்பினார். மனைவிக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று அழைத்துப் போனேன். படம் இன்னதென்று தெரிந்திருந்தால் பதுளைப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

ஊமைப் படம். வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் ஒருவர் கம்பை வைத்துக்கொண்டு நின்று, நடுநடுவே வரும் இங்கிலீசு எழுத்தைத் தமிழில் கதையாகச் சொல்லுவார். ஒரு பெரிய வீடு. புருஷன் காலையில் வேலைக்குப் போய்விடுவான். எதிரே மரத்தடியில் தொப்பி போட்ட ஒருவன் வந்து நிற்பான். மனைவி மட்டும் பார்ப்பாள். புருஷன் வரும்போது மரத்தடி காலியாக இருக்கும். வைத்தியர் வந்து அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் அவளே கதவைத் திறந்துகொண்டு மரத்தை நோக்கி ஓடுகிறாள். அடுத்த காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் உள்ளே வருகிறான். கதவோரம் தரையில் ஒரு தொப்பி கிடக்கிறது. அவன் அதை எடுத்துப் பார்க்கிறான், அவள் சிரிக்கிறாள். படம் முடிந்தது. கம்புக்காரர் அந்த இடத்தில் வாயே திறக்கவில்லை. இருட்டில் என் பக்கத்தில் இருந்தவள் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை நானா வீட்டில் ஆப்பமும் பேச்சும். நானும் அவரும் முன்னறையில். என் மனைவியும் நானாவின் மனைவியும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். தொப்பிக்காரன் திருட்டுப் பயல், அதில் என்ன சந்தேகம் என்றார் நானா. அப்படி ஒருவனே இல்லை, எல்லாம் அந்தப் பெண்ணின் பிரமை, அவளைத் தவிர வேறு யார் அவனைப் பார்த்தார்கள் என்றேன் நான். அப்படியானால் தொப்பி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டார். அது புருஷனுடைய தொப்பிதான், கழற்றிப் போட்டிருப்பான் என்றேன். நானா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“அந்தப் புருசன் உள்ள வாறப்ப தலையில தொப்பி இருந்துச்சுங்க. கையில எடுத்தது இன்னொண்ணு. ரெண்டு தொப்பி.”

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. ஆனால் அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது. தலையைச் சொறிந்ததைக்கூடப் பார்த்தவள் அல்லவா. பயத்தில் இருப்பவள் ஒன்றை இரண்டாகப் பார்ப்பாள் என்று சொல்லிவைத்தேன். அவள் விடவில்லை. அந்தப் பெண் சமையல்கட்டில் இருந்தபோதும் மரத்தடியில் அவன் நிற்பதைக் காட்டினார்களே, அவள் பார்க்காதபோது வந்தவன் எப்படி அவள் பிரமை ஆவான் என்றாள். நானா தொடையில் தட்டினார். அவளுடைய குரலில் அத்தனை மாதமாக நான் கேட்காத ஒரு தெம்பு. அவள் தொப்பிக்காரனுக்காக வாதாடவில்லை, தன் கண்ணுக்காக வாதாடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

படமே பார்க்காத நானாவின் மனைவி நிதானமாக ஒன்று கேட்டார்.

“அந்தப் புருசன் ஒரு நாளாவது வேலைக்குப் போகாம வீட்டுல இருந்து பாத்தானா?”

இந்த அம்மாவிடம் என் மனைவி என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்புக்காரரிடமே கேட்டுவிட்டு வருகிறேன், இங்கிலீசு படித்தவருக்குத்தானே தெரியும் என்று எழுந்துவிட்டேன்.

கூடாரத்தில் அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். தனக்கு இங்கிலீசு எழுத்துக்கூட்டத்தான் வரும் என்றார். பண்டாரவளையில் அது பேய் என்று சொன்னாராம், சனம் கைதட்டியதாம். இங்கே என்ன சொல்வது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டாராம். அவருக்கு ஒரு சுருட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

நானா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முடிவு செய்துவிட்டேன். திரைச்சீலைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

“கேட்டுட்டேன். எல்லாம் அந்தப் பொம்பளையோட பிரமைதானாம். கடைசியில இங்கிலீசுல எழுதியே காட்டுனாங்களாம். அவரு படிக்க மறந்துட்டாராம்.”

எழுதியே இருந்தால் சரிதான் என்று நானா ஒப்புக்கொண்டார். பிறகு என் மனைவி மெல்ல, “அப்ப நான்தான் சரியாப் பாக்கல” என்றாள்.

ஜெயித்துவிட்டேன். அன்று மாலையே வளைவில் நின்றவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சில நாளில் அவர் பெரகலப் பக்கம் வேறு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். மனைவி ஆளைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. குழம்புக்கு உப்புப் போட்டேனா, நீங்களே பாத்துச் சொல்லுங்க என்பாள். கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்து, போட்டேனா என்று கேட்பாள். மழை பெய்கிறதா என்றுகூட ஒருமுறை கேட்டாள். கூரைத் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. எப்படியாவது அந்த முதல் விஷயத்தையாவது கேட்டுத் தொலைத்துவிடலாம் என்று, அந்த இரண்டு டம்ளர்களைப் பற்றி ஒருநாள் கேட்டேன். அன்றைக்கு யாருக்கு என்ன கொடுத்தாய் என்றேன். யோசித்து யோசித்துப் பார்த்தாள்.

“ரெண்டா இருந்துச்சு? எனக்கு நெனப்பு இல்லீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மாரி காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் ஸ்டோருக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் போர்வையோடு ஜன்னலண்டை உட்கார்ந்திருந்தேன். பனி சற்றே விலகியது. மேலே வளைவில், தலையோடு கம்பளி போர்த்த ஓர் ஆள் எங்கள் வீட்டையே பார்த்தபடி நின்றிருந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நின்றிருந்தான். அவனை நான் அனுப்பவில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். வந்து என் தோளருகே நின்றாள். கையை நீட்டி, அங்கே நிற்பது யார் என்று கேட்டேன். அவள் என் விரல் காட்டிய திசையில் அவசரமில்லாமல் நன்றாகவே பார்த்தாள்.

“அங்க யாரும் இல்லீங்க.”

அவள் முகத்தைப் பார்த்தேன். யாரையோ மறைத்து உண்மையாகவே பொய் சொல்கிறாளா, கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்லப் பழகிவிட்டாளா, அல்லது காய்ச்சலில் நான்தான் கண்டபடி பார்க்கிறேனா? உலகத்தில் இதை எனக்குச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய கண்ணை நானே பிடுங்கிப் போட்டிருந்தேன்.