பத்தைச் சின்னதாக்கிய கணக்கு

ஜெர்மனியில், பீலெஃபெல்டில், கண் ஆபரேஷனுக்கு டெர்மின் எடுக்க, அதாவது நாள் குறிக்கப் போனால், ஆஸ்பத்திரிச் செயலி என் போனை ஏற்கவில்லை. அந்தச் செயலிக்கு நிரல் எழுதுபவள் என் மகள்தான்.

"உங்கட போன் பழசம்மா" என்றாள்.

எழுத்துக்கூட்டி வாசிப்பவள் நான். படித்தவள் சொன்னால் சரிதான் என்று மங்கல் கண்ணோடு இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

ஒருநாள் திரையின் இலக்கங்களைப் பார்த்தேன். செயலி கேட்டது குறைந்தது இயங்குதளத்தின் ஒன்பதாம் பதிப்பு. என் போனில் இருந்தது பத்து.

"பிள்ளை, ஒன்பது பெரிசோ, பத்துப் பெரிசோ?"

நிரலைத் திறந்தவளின் முகம் கறுத்தது. "எண்ணா எடுக்காமல் எழுத்தா ஒப்பிட விட்டிட்டனம்மா. பத்தில முதல் இருக்கிற ஒண்டை மட்டும் பாத்து, ஒன்பதை விடச் சின்னன் எண்டுது."

"எத்தினை கிழடுகளைத் திருப்பி அனுப்பினனீ?"

அன்றே திருத்தினாள், டெர்மினும் கிடைத்தது.

பத்து வரை எண்ணத் தெரிந்த நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.