அப்பாக்கள் பள்ளிக்கு வந்த வருஷம்

எங்கள் பள்ளிக்கூட வாசலில் அப்பாக்களைப் பார்ப்பது அபூர்வம். கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் பக்கத்தில் அநேகமாக எல்லாப் பள்ளிகளிலும் அப்படித்தான். முதல் ஷிஃப்டுக்காக விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறியவர்கள், இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவர்கள், ஓவர்டைம், அதாவது ஓ.டி., பார்க்கிறவர்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது, ஃபீஸ் கட்டுவது எல்லாம் அம்மாக்கள் வேலை. நான் அங்கே நாலாம் வகுப்பு டீச்சர். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுடைய அப்பாவின் முகமே எனக்குத் தெரியாது.

கார்கள் விற்காமல் யார்டு யார்டாகத் தேங்கி நின்ற வருஷத்தில் அது மாறியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்குகிறேன், வாசலில் ஒரு கும்பல் ஆண்கள். கம்பெனிச் சட்டை இல்லை. வீட்டில் போடும் சட்டையும் கைலியுமாக, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவர்கள் போல நின்றிருந்தார்கள்.

“என்ன சார், எல்லாருக்கும் லீவா?” என்று கேட்டேன்.

“லீவு இல்ல மிஸ். ப்ரொடக்‌ஷன் இல்ல. வாரத்துல மூணு நாளு வூட்லயே இருன்னுட்டாங்க” என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லோரும் அப்போது அதை எதிர்பாராமல் கிடைத்த ஓய்வாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பள்ளி பெரியதில்லை. எட்டாம் வகுப்பு வரைதான். தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்ட நிலத்துக்குக் கிடைத்த பணத்தில் உள்ளூர்க் குடும்பம் ஒன்று கட்டியது. அந்தக் குடும்பத்து அம்மாள்தான் கரஸ்பாண்டென்ட். நாங்கள் மேடம் என்போம். ஆங்கிலத்தில் பேச வேண்டிய இடங்களில் மட்டும் எங்களில் யாரையாவது பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். மற்றபடி யாருக்கும் எதற்கும் அசராத மனுஷி.

நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு ஏப்ரலிலும் ஃபீஸ் ஏறியிருக்கிறது. யாரும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. கம்பெனிகள் வந்துகொண்டே இருந்தன, ஓ.டி. இருந்தது. ஃபீஸ் அதிகம் வாங்கினால் நல்ல பள்ளி என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது. “மிஸ், மெயின் ரோட்டு ஸ்கூல்ல ஸ்மார்ட் கிளாஸ் கீதாமே, இங்க இல்லியா?” என்று அம்மாக்கள் என்னிடமே கேட்பார்கள். அதற்காக மேடமும் கடன் வாங்கி ஸ்மார்ட் போர்டு மாட்டினார், அதற்கென்று தனியாக ஒரு ஃபீஸும் போட்டார். அதையும் கட்டினார்கள்.

ஆகஸ்ட் தாண்டியதும் அந்த ஓட்டம் நின்றது. முதலில் ஓ.டி. போனது. பிறகு கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். இரண்டாம் டெர்ம் ஃபீஸ் கட்ட வந்த அம்மாக்கள் ஆபீஸ் ஜன்னலண்டை தயங்கித் தயங்கி நின்றார்கள். மெயின் ரோட்டுப் பெரிய பள்ளி அட்மிஷன் ஃபீஸ் கிடையாது என்று பேனர் கட்டியது. அடுத்த வாரமே, ஒரு பிள்ளையைச் சேர்த்தால் தம்பி தங்கைக்குப் பாதி என்று இன்னொரு பேனர். அதைப் பார்த்துவிட்டு வந்த மேடம், “ஆடித் தள்ளுபடி போட்டுட்டானுங்க. அடுத்தது புடவை குடுப்பானுங்க” என்றார். எங்கள் பள்ளியில் தள்ளுபடி எதுவும் கொடுக்கவில்லை. வருகிற ஏப்ரலில் ஃபீஸ் ஏற்றமாட்டேன், அவ்வளவுதான் என்னால் முடியும் என்று மட்டும் சொன்னார்.

என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி. கணக்கில் கெட்டி. ஒரு மத்தியானம் அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். காருக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் வெல்டர், கான்ட்ராக்டில் இருந்தவர்.

“டி.சி. வாங்கிக்கினு போலாம்னு வந்தேன் மிஸ்” என்றார்.

நான் அவரை மேடமிடம் அழைத்துப் போனேன்.

“டி.சி.யா? இன்னாத்துக்கு?”

“கெவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துடலாம்னு கீறேன் மேடம். வேலை இல்ல.”

“பொண்ணு நல்லா படிக்குதுன்னு மிஸ் சொல்லுது. பாதி வருஷத்துல இட்டுக்கினு போய் இன்னா பண்ணப் போற? காசு அப்பால குடு, போ.”

அவர் போகவில்லை. “சும்மா படிக்க வெக்கிறது எனக்கு ஒத்துவராது மேடம். உங்க கேட்டு தொங்கிக்கினு கீது. வாட்ச்மேன் தெனமும் தூக்கித் தூக்கித் தொறக்குறாரு. நான் சரி பண்ணித் தரேன். அதுக்கு இன்னா கழிக்கணுமோ கழிச்சிக்குங்க” என்றார்.

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு, “சரி, செய்யி” என்றார்.

அடுத்த நாளே மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் வகுப்பு ஜன்னலுக்கு நேரே கேட். அவர் வெல்டிங் வைக்க ஆரம்பித்ததும் மொத்த வகுப்பும் ஜன்னலில் தொற்றிக்கொண்டது. நான் வெளியே போய், “சார், கிளாஸ் நேரத்துல வேணாம் சார், பசங்க கண்ணு என்னத்துக்கு ஆகும்?” என்று சத்தம் போட்டேன். அவர் பதறிப்போய் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு வகுப்பு நடத்த முடியுமா? அவர் மெஷினை அணைத்துவிட்டு அரத்தை எடுத்ததும், பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து வரிசையாக உட்காரவைத்தேன். அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் ஏன் பார்க்கக் கூடாது, இரும்பு எப்படி ஒட்டுகிறது என்று கேள்வி மேல் கேள்வி. அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் பெண்ணே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள். “நீயே பேசும்மா, நான் வேலையப் பாக்குறேன்” என்றார் அவர். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

கேட் சரியானதும் செய்தி பரவியது. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து வயரிங்கை மாற்றினார். கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவர் பெஞ்சுகளுக்கு வர்ணம் அடித்தார். சாதாரணமாகவா அடித்தார்? தேய்த்து, துடைத்து, பிரைமர் போட்டு, காயவிட்டு, மறுபடி தேய்த்து. தூசி படும் என்று அந்த அறைப் பக்கம் ஆயாவைக்கூடப் பெருக்கவிடவில்லை. ரத்தச் சிவப்பில் பளபளவென்று வந்த பெஞ்சில் உட்காரப் பிள்ளைகள் பயந்தார்கள்.

இதெல்லாம் இப்போது சொல்லும்போது இனிக்கிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அக்டோபரிலிருந்து எங்களுக்குப் பாதிச் சம்பளம். ஆயாக்களுக்கும் வேன் டிரைவருக்கும் மேடம் முழுசாகக் கொடுத்தார், டீச்சர்களுக்குப் பாதிதான். என் வீட்டுக்காரருக்கும் ஓ.டி. நின்றிருந்தது. வீட்டு வாடகை நிற்கவில்லையே. ஒரு நாள் மேடம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, “பாத்தீங்களா, பெஞ்சு எப்டி மின்னுது” என்று பூரித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“பெஞ்சு நல்லாத்தான் இருக்கு மேடம். அதைக் காட்டினா ஹவுஸ் ஓனர் வாடகையை விட்டுடுவாரா?”

மேடம் கோபப்படுவார் என்று நினைத்தேன். “இத எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? அவங்ககிட்ட சொல்லு. சனிக்கிழமை எல்லாரையும் வரச் சொல்றேன்” என்றார்.

சனிக்கிழமை மேல்மாடி ஹாலில் கூட்டம். தகர ஷீட் போட்ட ஹால், வெக்கை தாங்காது. அப்பாக்களும் அம்மாக்களும் புதுச் சிவப்பு பெஞ்சுகளில் இடுக்கி இடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன். வகுப்பில் பேசிப் பழகியவள், பெரியவர்கள் முன்னால் பேசியதில்லை.

“உங்க பிள்ளைங்க ஃபீஸ்தான் சார் எங்க சம்பளம். வேற எங்கிருந்தும் வரல. இப்ப எங்களுக்குப் பாதிதான் வருது. நீங்க வேலை செஞ்சு தர்றது பெரிய விஷயம். ஆனா அதுல எங்களுக்கு எதுவும் வராது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

வெல்டர் எழுந்தார். “எங்களுக்குத் தெரியாது மிஸ். கேட்டு போட்டாச்சு, கணக்கு தீந்துச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

பின்னாலிருந்து ஒருவர், “மேடம் கைல நெலத்து காசு கீதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே” என்றார்.

“இருந்துச்சுப்பா” என்றார் மேடம். “அது மேலதான் நீ ஒக்காந்துக்கினு கீற.”

ஹாலே சிரித்தது. இறுக்கம் குறைந்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். அப்போதுதான் ஒருவர் எழுந்து நியாயமான ஒன்றைக் கேட்டார். பெரிய கம்பெனியில் மேனேஜர், இரண்டு பிள்ளைகளுக்கும் தவறாமல் முழு ஃபீஸ் கட்டுகிறவர்.

“நாங்க முழுசாக் கட்டுறோம். சில பேர் பெயின்ட் அடிச்சுட்டு அதே கிளாஸ்ல உக்கார வைக்கிறாங்க. இது என்ன நியாயம் மேடம்?”

“நியாயம் இல்லதான் சார். வேற வழி தெரியல” என்றார் மேடம். அந்த மாத முடிவில் மேனேஜர் தன் இரண்டு பிள்ளைகளையும் பெரிய பள்ளிக்கு மாற்றிவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை. அவர் போனதில் எங்களுக்கு நஷ்டம்தான்.

அந்தக் கூட்டத்தில் முடிவானது இவ்வளவுதான்: இனிமேல் வேலை செய்து தருவதற்காக ஃபீஸில் கழிவு கிடையாது, டெர்ம் ஃபீஸை மொத்தமாகக் கேட்காமல் மாதாமாதம் வாங்கிக்கொள்வது, ஷிஃப்ட் நடக்கிற கம்பெனியில் இருப்பவர்கள் முடிந்தால் அடுத்த மாதத்தையும் சேர்த்துக் கட்டுவது. பேச்சோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். முழுசாக இல்லாவிட்டாலும் பணம் வந்தது. வெல்டர் கட்டட வேலைக்குப் போய், கிடைக்கிறபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கட்டினார். எங்கள் சம்பளம் பாதியிலிருந்து முக்காலுக்கு ஏறியது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். கழிவு கிடையாது என்று ஆன பிறகும் அப்பாக்கள் வருவதை நிறுத்தவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை போலும். வராண்டாவில் கம்பெனியில் இருப்பது போலவே மஞ்சள் கோடு போட்டார்கள், நடக்கிறவர்கள் அந்தக் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்று. நாங்கள் எத்தனை வருஷம் கத்தியும் வரிசையில் போகாத பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. கோட்டுக்கு வெளியே நான் ஒரு நாள் நடந்துவிட்டேன் என்று முதல் வகுப்புப் பையன் ஒருவன் என்னை நிறுத்தி, “சேஃப்டி, மிஸ்” என்றான். காலையில் பிரேயருக்கு முன்னால், ஷிஃப்ட் தொடங்கும்போது செய்கிற உடற்பயிற்சியை ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கழுத்தைச் சுழற்றி, தோளை ஆட்டி, பிள்ளைகளோடு சேர்ந்து மேடமும் செய்வார்.

அந்த டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் டே வைத்தோம். அதற்கு முந்தின வருஷங்களில் அம்மாக்களுக்குக் கோலப் போட்டி வைப்போம், அதோடு சரி. இந்தத் தடவை அப்பாக்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. எப்படி அணி பிரிப்பது என்று பேச்சு வந்தபோது, “ஏ ஷிஃப்ட் ஒரு பக்கம், பி ஷிஃப்ட் ஒரு பக்கம்” என்று யாரோ கத்தினார்கள். வேலை போனவர்களும் தங்கள் பழைய ஷிஃப்ட் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில்லை. எல்லோரும் மண்ணில் குப்புற விழுந்ததும், அப்பாவின் முதுகில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்ததும் நினைவிருக்கிறது. ஒரு அம்மா என் பக்கத்தில் நின்றபடி, “இந்த மனுசன் இவ்ளோ சிரிச்சு நான் பாத்ததே இல்ல மிஸ்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கலுக்குப் பிறகு ஆர்டர்கள் மெல்லத் திரும்பின. ஒரு திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது வாசலில் அம்மாக்கள் மட்டும் நின்றார்கள். கம்பெனி பஸ்கள் நிறைந்து போய்க்கொண்டிருந்தன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். நான் அன்று காரணமில்லாமல் வகுப்பில் எரிந்து விழுந்தேன்.

வெல்டருக்குச் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கேயே போவதாக, மீதி ஃபீஸைக் கட்டிவிட்டு டி.சி. கேட்டார். இந்த முறை மேடம் தடுக்கவில்லை. அந்தப் பெண் எனக்கு ஒரு பேனா கொடுத்தாள். நான் அவளுக்குக் கொடுக்க எதுவும் எடுத்துவைத்திருக்கவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

அதன் பிறகு கொரோனா வந்து பள்ளியையே மூடிப்போட்டது. திரும்பத் திறந்தபோது மேடத்தால் சமாளிக்க முடியவில்லை. ஏற்றாமல் விட்ட வருஷங்களுக்கும் சேர்த்து ஒரேயடியாக ஃபீஸை ஏற்றிப் பார்த்தார், பிள்ளைகள் குறைந்தார்கள். கடைசியில் நாலைந்து ஊர்களில் பள்ளி நடத்தும் ஒரு டிரஸ்டுக்கு விற்றுவிட்டார். நான் இப்போது மெயின் ரோட்டுப் பெரிய பள்ளியில் இருக்கிறேன். சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடுகிறது. ஃபீஸை எல்லோரும் போனிலேயே கட்டிவிடுகிறார்கள். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை, யார் எதை விற்றுக் கட்டினார்கள் என்பதெல்லாம் டீச்சருக்குத் தெரியாது. வசதிதான்.

மேடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் பண்ணுவார். போன வாரம், “உங்க ஸ்கூல்ல இந்த வருஷம் எவ்ளோ ஏத்திட்டானுங்க?” என்று கேட்டார். சொன்னேன். “அடப்பாவிங்களா” என்று கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் இருந்திருந்தாலும் ஏத்தித்தான் இருப்பேன். கரண்டு பில்லு இன்னா வருது தெரியுமா இப்ப?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் என் வீட்டுக்காரருக்கு ஓ.டி. எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நன்றாகப் போகிறது, ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குத்தான் போயிருக்கிறார் என்று சொன்னேன்.