முகத்தில் சுற்றிய நைட்டித் துணி

சென்ற கோடையில், மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. எதிர் மைதானத்துக்கு ஒரு பெரிய தலைவர் வருவதாக இருந்தார். பாதுகாப்புக்காகக் காலையிலேயே இரண்டு போலீஸ்காரர்கள் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். ஒருவரிடம் குறி பார்க்கும் கண்ணாடி பொருத்திய நீளத் துப்பாக்கி, இன்னொருவரிடம் பைனாகுலரும் வாக்கிடாக்கியும். நான் காயப்போட்டிருந்த கருவாட்டுக்குப் பக்கத்திலேயே துப்பாக்கிக்காரர் குப்புறப் படுத்துக்கொண்டார். பாவம், மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

பத்து மணி தாண்டியிருக்கும். தண்ணீர் கொடுக்க மேலே போனேன். "முகத்த மூடிக்கிட்டு ஒருத்தன் மேடைப் பக்கமா வர்றான் சார். தோள்ல நீளமா என்னமோ, சாக்கு சுத்தியிருக்குது" என்றார் பைனாகுலர்காரர். துப்பாக்கி மெல்லத் திரும்பியது. அது திரும்பிய பக்கம் பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. உப்பள வரப்பில் வந்துகொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்.

உப்பில் வெயில் பட்டால் கண் கூசும். கருப்புக் கண்ணாடி போட்டு, முகத்தில் துணி சுற்றித்தான் இவர் வேலை செய்வார். தோளில் இருந்தது உப்பு வாரும் பலகை. ஆணி குத்தாமலிருக்கச் சாக்கு சுற்றியிருந்தார். பத்து மணிக்கு மேல் அந்த வழியே யாரும் வரக்கூடாது என்று முந்தின நாளே போலீஸ் சொல்லியிருந்தது. விடியலில் கிளம்பியவரிடம் அதைச் சொல்ல மறந்த மடச்சி நான்தான்.

"ஐயா, அது எங்க வீட்டுக்காரருங்க!" என்று அலறினேன்.

"கத்தாதீங்கம்மா. பயந்து ஓடிட்டாருன்னா வம்பு." துப்பாக்கிக்காரர் கண்ணை எடுக்கவேயில்லை. "மூஞ்சியே தெரியல. அவருதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"சுத்தியிருக்கிறது என்னோட பழைய நைட்டிங்க. மஞ்சள்ல செகப்புப் பூ போட்டிருக்கும், பாருங்க!"

பார்த்தார். இவருக்குப் போன் அடிக்கலாமென்றால், உப்புத் தண்ணீர் பட்டுவிடும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற மனிதர்.

"பூ தெரியுது" என்றார் கடைசியில். "பக்கத்துல ஆள அனுப்பி விசாரிக்கச் சொல்லு. அவசரப்பட வேணாம்."

வாக்கிடாக்கியில் செய்தி போனது. கீழே ஒரு காவலர் கையைக் காட்டி நிறுத்த, இவர் பலகையை இறக்கி வைத்து முகத்துணியை அவிழ்த்தார். நான் அப்படியே கருவாட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

துப்பாக்கிக்காரர் எழுந்து தண்ணீர்ச் சொம்பை வாங்கினார். "சுடற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதாம்மா பாத்தேன்" என்றார்.

அன்று அவர் அந்த ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்ததால்தான், அந்த நைட்டித் துணியை இன்றும் நான் தினமும் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.