இருட்டுக்கு ஓர் ஒத்திகை

என் மகளுக்கு நான்கு வயது. அவ்வப்போது வீசிங் வரும். வந்தால் நெபுலைசரில் மருந்தை ஊற்றி, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்கை வைத்து, மடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். நெபுலைசர் மின்சாரத்தில் ஓடுவது. ஏதோ ஒரு நாட்டில் மின்நிலையத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து ஊரையே இருட்டாக்கிவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு மட்டும் ஏன் வேறு மாதிரி கேட்டது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கணினிகளுக்குள் யாரும் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் என் கணவருக்குச் சம்பளம். அவரிடம் கேட்டேன்.

"நம்ம ஏரியா ஹப்சிகுடால நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போயிடுது. இதுக்கு ஹேக்கர் வேற தனியா வரணுமா?" என்றார்.

நம் ஊரில் நடக்குமா, நடக்காதா என்று மறுபடி கேட்டேன். நடக்கலாம் என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போனார்.

ஆகவே நான் தயாரானேன். பெரிய பேட்டரியோடு புது இன்வெர்ட்டர் வந்தது. பால்கனியில் தண்ணீர் டிரம் வந்தது. வீட்டில் பிளக் வைத்த ஒவ்வொரு பொருளுக்கும் பிளக் இல்லாத ஒரு மாற்று வாங்கினேன். மிக்ஸிக்குச் சிறிய கல்லுரல். கொசுவுக்குச் செருகும் திரவத்துக்குப் பதில் கொசுவத்திச் சுருள். செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த என் மாமியார், மெழுகுவர்த்திக் கட்டுகளைப் பார்த்து, "இவ்ளோ எதுக்கும்மா, சர்ச்சுக்குக் குடுக்கவா? நக்கோ, வேணாம், உள்ள வை" என்றார்.

வாங்கி வைத்தால் போதுமா என்ற சந்தேகம் அடுத்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோருக்கும் சொல்லிவிட்டு, வாசலில் இருக்கும் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். இன்வெர்ட்டர் ஒருமுறை கீச்சிட்டது. ஃபேன் நிற்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கணவர், ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் உருகுவதாக அறிவித்துவிட்டு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார். மகள், "கரண்ட் எப்புடு வஸ்துந்தி?" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தாள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்றேன். நிஜத் தாக்குதல் என்றால் அதுதானே பதில்?

சாயங்காலம் கொசு வந்தது. திட்டப்படி ஜன்னல்களைச் சாத்திச் சுருளைக் கொளுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் இருமினாள். பிறகு அவள் நெஞ்சுக்குள் அந்த விசில். அவளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடி நெபுலைசரைச் செருகினேன். சத்தமே இல்லை. வேறு பிளக்கில் செருகினேன். அதிலும் இல்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மெஷின் மட்டும் ஓடவில்லை. இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் என்பதை, அத்தனை பட்டியல் போட்ட நான், பொருத்த வந்தவரிடம் கேட்டிருக்கவே இல்லை. எங்கே மின்சாரம் கிடைக்கும் என்று மட்டும்தான் அப்போது மூளை யோசித்தது. ஒரு கையில் மகள், மறு கையில் நெபுலைசர். எதிர் ஃபிளாட்டின் கதவைத் தட்டினேன். கதவு திறந்ததும் உள்ளே டிவி ஓடுவது கேட்டது.

"உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்டேன். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டேன்.

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏம்மா, மெயினை நீதானே ஆஃப் பண்ணே?"

அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஒரு விரலால் அதை மேலே தள்ளினார். உள்ளே ஃபிரிட்ஜ் முனகியது.

நெபுலைசர் உர்ரென்று ஓட, மகளின் மூச்சு மெல்லச் சீரானது. மாமியார் சுருளைத் தண்ணீரில் முக்கி, ஜன்னல்களைத் திறந்தார். மறுநாளிலிருந்து எல்லா உறவினருக்கும் ஃபோனில் சொன்னார்: "வெளியேர்ந்து ஒருத்தனும் வரல. எங்க மருமகளே அட்டாக் பண்ணிட்டா."

இப்போது இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன் ஒன்று மகளின் கட்டில் பக்கம் வருகிறது. கொசுவலையும் உண்டு. ஒத்திகை பார்த்ததால்தானே பிளக் விஷயம் தெரிந்தது என்பது என் வாதம். ஒத்திகை பார்த்ததால்தான் வீசிங்கே வந்தது என்பது மாமியார் வாதம். இரண்டும் சரி என்பதுதான் என்னை உறுத்துகிறது.

புது லைனையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமியார் ஒப்புக்கொண்டுவிட்டார், ஒரே நிபந்தனையோடு: மெயினுக்குக் கீழே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார்.